கோ-டிரைவரின் முதல் கிட்: இன்டர்காம், நோட்டு, டிரிப் மீட்டர் – எதில் காசைப் போடுவது?

ராலியில் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்து வழி வாசிக்கும் கோ-டிரைவராக உட்கார முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது, ஓடிய தூரத்தை அளக்கும் டிரிப் மீட்டரின் விலையை. அடுத்து கண்ணைப் பறிக்கும் சூட். மிச்சமிருக்கும் காசில் ஏதோ ஒரு ஹெல்மெட். பாதையின் ஒவ்வொரு வளைவையும் குறிக்கும் பேஸ்நோட் எழுதுவதற்குத் தெருமுனைக் கடையின் ஸ்பைரல் நோட்டு. இந்த வரிசையை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போட்டால் அதுதான் சரியான வரிசை. காதுக்கும் காகிதத்துக்கும் முதலில் செலவழியுங்கள். கடிகாரம் அடுத்தது. டிரிப் மீட்டர் காரோடு சேர்ந்த பொருள், அதைக் கார்க்காரர் வாங்கட்டும்.

கோவை, சென்னை, பெங்களூரு, சிக்மகளூர் பக்கம் நடக்கும் ராலிகளை மனதில் வைத்தே இங்கே ஒவ்வொரு பொருளும் பார்க்கப்படுகிறது. மண்பாதை, புழுதி, வெக்கை, காபித் தோட்டத்து நிழல் எல்லாமே பொருளின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. கொடுத்த சராசரி வேகத்தைப் பிசகாமல் கடைப்பிடிக்க வேண்டிய டி.எஸ்.டி. எனப்படும் நேரம்-வேகம்-தூரம் வகைப் போட்டிக்கும், மூடிய சாலையில் முழு வேகத்தில் ஓடும் ஸ்டேஜ் ராலிக்கும் தேவைப்படும் பொருட்கள் வேறு. வேறுபடும் இடத்தில் அது சொல்லப்படும்.

இன்டர்காம்: முழுக்காசு போட வேண்டிய இடம்

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் போகிறது. ஒரு வளைவைச் சொல்லி முடிக்க இரண்டு நொடி ஆனால், அதற்குள் 55 மீட்டர் கழிந்துவிடும். டிரைவர் "என்ன?" என்று திருப்பிக் கேட்டால் இன்னொரு 55 மீட்டர். அடிப்பலகையில் கல் தெறிக்கும் சத்தம், கியர்பாக்ஸின் அலறல், சத்தத்தைத் தடுக்கும் லைனிங் எதுவும் இல்லாத உடல்கூடு ஆகியவற்றுக்கு நடுவே வெறுங்குரல் எடுபடாது. இருவரும் ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்ள உதவும் இன்டர்காம் சரியில்லை என்றால் நோட்டு எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

சந்தையில் இரண்டு வழி இருக்கிறது. ஸ்டிலோ, ஸ்பார்கோ போன்றவற்றின் ராலி ஹெல்மெட்டுகளில் மைக்கும் காது ஸ்பீக்கரும் தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும். இன்னொரு வழி, சாதாரண திறந்த முக ஹெல்மெட் வாங்கி, டெர்ராஃபோன் போன்ற கிட்டை உள்ளே ஒட்டிக்கொள்வது. டி.எஸ்.டி.க்கு ஹெல்மெட் இல்லாத ஹெட்செட்டே போதும். ஸ்டேஜ் ராலிக்கு வருகிறவர் தொழிற்சாலைப் பொருத்தம் உள்ளதையே எடுப்பது நல்லது. ஒட்டிய ஸ்பீக்கர் வியர்வையில் கழன்று நகரும். அது காதுத்துளைக்கு ஒரு விரல் தள்ளிப் போனாலே சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது போலத் தோன்றும், ஆளும் வால்யூமைத் திருகுவார், மைக் கீச்சிடும். தவிர, அங்கீகாரம் பெற்ற ஹெல்மெட்டின் உள் நுரையை வெட்டி ஸ்பீக்கருக்கு இடம் செய்தால் ஆய்வு மேசையில் நிராகரிக்கப்படலாம்.

வாங்கும் முன் கட்டாயம் கேட்க வேண்டியது: டிரைவரின் ஹெல்மெட் என்ன பிராண்ட், இரண்டு ஹெல்மெட்டையும் இணைக்கும், காரில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி எது? ஒரு பிராண்டின் பிளக் இன்னொன்றின் சாக்கெட்டில் ஏறாது. அடாப்டர் வயர் கிடைக்கும், ஆனால் அது இன்னொரு இணைப்பு, இன்னொரு பழுது வாய்ப்பு. இருவரும் ஒரே பிராண்ட் ஹெல்மெட், அதே பிராண்ட் ஆம்ப்ளிஃபயர் என்று போவதே மிகச் சுலபம். அப்படி முடியாவிட்டால், இருவர் ஹெல்மெட்டையும் கடைக்கே எடுத்துப் போய் அடாப்டர் போட்டுப் பேசிப் பார்த்தே வாங்க வேண்டும். கடையின் அமைதியில் எல்லா இன்டர்காமும் நன்றாகவே கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். உண்மையான சோதனை காருக்குள், எஞ்சினை 4000 சுற்றில் பிடித்துக்கொண்டு நோட்டில் ஒரு பக்கத்தை வாசித்துப் பார்ப்பது. இருவருக்கும் தனித்தனி வால்யூம் குமிழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே குமிழ் என்றால் யாராவது ஒருவர் எப்போதும் குறைப்பட்டுக்கொண்டே இருப்பார்.

மைக் வைக்கும் இடத்தில்தான் பெரும்பாலான புகார்கள் பிறக்கின்றன. இந்த மைக்குகள் வெளிச்சத்தத்தை நீக்கும் வகை. இரண்டு பக்கமும் ஒரே அளவில் வந்து சேரும் ஒலியைத் தள்ளிவிட்டு, ஒரு பக்கம் மட்டும் பலமாக வரும் ஒலியை எடுத்துக்கொள்ளும். உதட்டை உரசும் தூரத்தில் இருந்தால்தான் உங்கள் குரல் அந்த "ஒரு பக்கம் பலமான" ஒலியாக இருக்கும். மூன்று விரல் தள்ளி வைத்தால் குரலும் இரைச்சலோடு சேர்ந்து நீக்கப்படும். அதனால் "இன்டர்காம் சரியில்லை" என்று சொல்லப்படும் பல பெட்டிகளில் கோளாறே இருக்காது. மைக் கம்பியை வளைத்து உதட்டோடு சேர்த்தால் சரியாகிவிடும். நுரை உறை தொலைந்தால் மூச்சுக்காற்று இரைந்து கேட்கும். உதிரியாக இரண்டு உறை பையில் இருக்கட்டும்.

அடுத்த கோளாறு மின்சாரம். பல ஆம்ப்ளிஃபயர்கள் 9 வோல்ட் பேட்டரியிலும் ஓடும், காரின் 12 வோல்ட்டிலும் ஓடும். காரின் மின்சாரத்தில் ஓடும்போது எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் கீச்சொலி வந்தால், அது ஆல்டர்னேட்டரிலிருந்து எர்த் வழியாக வருவது. கண்டுபிடிக்க எளிய வழி: 12 வோல்ட் வயரைக் கழற்றி, 9 வோல்ட்டில் ஓட விட்டுப் பாருங்கள். சத்தம் நின்றால் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. எர்த்தை டேஷ்போர்டு ஸ்க்ரூவிலிருந்து பிடுங்கி நேராக பேட்டரியின் மைனஸ் முனைக்கு இழுக்க வேண்டும். 9 வோல்ட் பேட்டரியை மட்டுமே நம்பும் பெட்டி என்றால், ஒவ்வொரு நாள் காலையும் புதியது போடுங்கள். நேற்று நன்றாக ஓடியது என்பது இன்றைக்கு உத்தரவாதம் ஆகாது.

வயர் பிளக்கோடு சேரும் கழுத்துப் பகுதிதான் முதலில் அறுகிறது. இறங்கும் அவசரத்தில் பிளக்கைக் கழற்றாமல் தலையைத் தூக்கினால் இழுபடும். பிளக் எந்நேரமும் ஒரே இடத்தில், கையெட்டும்படி, காருக்குள் இருக்கும் பாதுகாப்பு இரும்புக்கூடான ரோல் கேஜில் வெல்க்ரோ பட்டையால் கட்டியிருக்க வேண்டும். புழுதி புகுந்த பிளக்கை ஊதாதீர்கள், ஈரம் சேரும். கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஸ்டேஜின் நடுவில் இன்டர்காம் செத்துப்போவது உண்டு. கை சைகையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வலது வளைவுக்கு வலது கை, இடதுக்கு இடது கை, வளைவின் எண்ணுக்கு அத்தனை விரல், எச்சரிக்கைக்கு விரித்த உள்ளங்கை. கையை டிரைவரின் பார்வைக் கோட்டுக்குக் கீழே, டேஷ்போர்டு உயரத்தில் காட்ட வேண்டும். போட்டிக்கு முன் பாதையைப் பார்த்து நோட்டு எழுதப் போகும் ரெக்கியின்போதே ஒரு கி.மீ. இதைப் பழகிவிட்டால் அந்த நேரத்தில் பதற்றம் இருக்காது.

பேஸ்நோட் புத்தகம்: மலிவான பொருள், பெரிய வித்தியாசம்

வெளிநாட்டு பேஸ்நோட் புத்தகங்கள் அருமையானவை. ஆனால் அவற்றில் இருக்கும் நல்லதெல்லாம் உள்ளூர் பைண்டிங் கடையிலேயே செய்துகொள்ளக் கூடியது. ஏ5 அளவு, 100 ஜி.எஸ்.எம். காகிதம், பக்கத்துக்கு எட்டு அல்லது ஒன்பது அகலமான கோடு, பின்னால் கனமான அட்டை, உலோகச் சுருள் பைண்டிங். சாதாரணப் பள்ளி நோட்டுத் தாள் மெல்லியது. வியர்வைக் கட்டைவிரலில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரளும். ஸ்டேஜில் ஒரு பக்கம் தாவினால் அடுத்த 800 மீட்டருக்கு நீங்கள் சொல்வதெல்லாம் பொய். ஒவ்வொரு தாளின் கீழ் வலது மூலையையும் லேசாக மேல்நோக்கி மடித்து விட்டால் விரலுக்குப் பிடி கிடைக்கும். பிளாஸ்டிக் சுருள் வெயிலில் நின்ற காரில் வளைந்து, பக்கம் சிக்கும். அதைத் தவிருங்கள்.

எவ்வளவு வாங்குவது? வளைவுகள் நெருங்கிய பாதையில் கி.மீ.க்கு எட்டு முதல் பன்னிரண்டு வரி வரும். பக்கத்துக்கு எட்டு வரி என்றால் 10 கி.மீ. ஸ்டேஜுக்குப் பத்து முதல் பதினைந்து பக்கம். வலது பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். இடது பக்கம் இரண்டாவது சுற்றில் வரும் திருத்தங்களுக்கும், மழை பெய்தால் எங்கே சேறாகும் என்ற குறிப்புக்கும் காலியாக இருக்கட்டும். ஒவ்வொரு ஸ்டேஜும் புதுத்தாளில் தொடங்க வேண்டும். தலைப்பில் ஸ்டேஜ் எண், பெயர், நீளம், தேதி. ஒரு ராலிக்கு 80 தாள் உள்ள புத்தகம் இரண்டு இருந்தால் நிம்மதி.

பென்சில் விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 2பி மரப் பென்சில். எச்.பி. மங்கலாக விழும், குலுங்கும் காரில் கண்ணுக்கு எட்டாது. கிளிக் பென்சிலின் முனை ஒவ்வொரு குழியிலும் ஒடியும். ஜெல் பேனா வியர்வையில் கரையும். பால்பாயின்ட் நோட்டை நிமிர்த்திப் பிடித்து எழுதும்போது நின்றுவிடும். இரண்டு முனையும் சீவிய நான்கு பென்சில், ஒன்று எலாஸ்டிக் கயிற்றில் புத்தகத்தோடு கட்டியது, பேனா வடிவ ரப்பர் ஒன்று. இவ்வளவுதான்.

எழுதும் முறைக்கு வருவோம். இங்கே பரவலாக இருப்பது ஒன்று முதல் ஆறு வரையான எண் முறை. ஒன்று மிக இறுக்கமான வளைவு, ஆறு ஏறக்குறைய முழு வேகத்தில் போகக் கூடியது. ரெக்கியில் வழக்கமாக இரண்டு முறை மட்டுமே ஸ்டேஜில் போக விடுவார்கள். முதல் முறை டிரைவர் சொல்லச் சொல்ல எழுதுவது; இரண்டாம் முறை நீங்கள் வாசிக்க, அவர் திருத்துவது. "150, ரைட் 5 ஓவர் க்ரெஸ்ட், இன்டு லெஃப்ட் 3 டோன்ட் கட்" (150 மீட்டர் நேர்பாதை, மேட்டு உச்சியைத் தாண்டும் வலது 5, உடனே இடது 3, உள்பக்கம் வெட்டாதே) என்பது ஒரே மூச்சில் வாசிக்க வேண்டிய ஒரு கூட்டம். அதன் பாதி இந்தப் பக்கத்தின் கடைசி வரியிலும் மீதி அடுத்த பக்கத்தின் முதல் வரியிலும் விழக் கூடாது. கடைசி வரியில் இடம் போதாது என்று தெரிந்தால் அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். பக்கம் புரட்டும் இடம் எப்போதும் நீண்ட நேர்பாதையில், 100 அல்லது 150 என்ற தூர எண்ணுக்குப் பக்கத்தில் அமைய வேண்டும். இதைச் செய்யாத நோட்டு வீட்டு மேசையில் அழகாக இருக்கும், ஸ்டேஜில் தடுமாற வைக்கும்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் டிரிப் மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். 3.42, 4.17 என்று. புழுதியிலோ மூடுபனியிலோ இடம் தவறிப் போனால் டிரைவரிடம் பொய் சொல்லாமல் "லாஸ்ட்" என்று உடனே சொல்லிவிட்டு, டிரிப்பைப் பார்த்து, அதற்குரிய பக்கத்துக்குப் போய், அடையாளம் தெரியும் அடுத்த வளைவில் சேர்ந்துகொள்ளலாம். ஸ்டேஜுக்குள் டிரிப் மீட்டரால் கிடைக்கும் மிகப் பெரிய பயன் இதுதான்.

ஹெல்மெட், ஹான்ஸ், உடை

பைக் ஹெல்மெட் ஸ்டேஜ் ராலியில் செல்லாது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் 8859-2015 ஸ்டிக்கர் உள்ள ஹெல்மெட் தொடக்கத்துக்குப் போதுமானது. 8860-2018 அதைவிடக் கடுமையான தரம், விலையும் அதற்கேற்ப ஏறும். ஹான்ஸ் கழுத்துக் காப்புக்கும் ஹெல்மெட்டில் இருக்கும் அதன் பிடிமுனைகளுக்கும் 8858-2010 ஸ்டிக்கர் இருக்க வேண்டும். இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. எந்தத் தரத்தை எதுவரை ஏற்கிறது என்பதை அந்த ஆண்டின் விதிநூலைத் திறந்து பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். தள்ளுபடியில் வரும் ஹெல்மெட்டுகள் பல நேரம் காலம் முடியப்போகும் தரத்தில் இருப்பவை.

அளவு எடுக்க டேப்பைப் புருவத்துக்கு ஒரு அங்குலம் மேலே சுற்றுங்கள். போட்டுப் பார்க்கும்போது கன்னம் லேசாக அமுங்க வேண்டும். தலையை ஆட்டினால் நெற்றித்தோல் ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர வேண்டும். கோ-டிரைவருக்குத் திறந்த முக வகையே பொருத்தம். மைக்கைத் திருத்த எளிது, மடியில் இருக்கும் நோட்டைப் பார்க்கத் தாடைப்பகுதி மறைக்காது, வெக்கையில் மூச்சு முட்டாது.

ஹான்ஸ் போட்டதும் தலை முன்போலக் குனியாது. ஹான்ஸ் இல்லாமல் நோட்டு வாசிக்கப் பழகியவர்கள் இதில்தான் திணறுவார்கள். தீர்வு ஹான்ஸில் இல்லை, கால்பலகையில் இருக்கிறது. கோ-டிரைவர் பக்கம் தரையில் சாய்வான உலோகப் பலகை இருந்தால் முழங்கால் உயரும், அதன்மேல் நோட்டும் உயரும், கண்ணை மட்டும் தாழ்த்தினால் போதும். கார்க்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய வசதி இது. பிரேக்கில் உடல் முன்னால் சரியாமல் காலை ஊன்றவும் அதுவே துணை.

உடையில் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எஃப்.ஐ.ஏ. விதிப்படி தீத்தடுப்புக் கையுறை கோ-டிரைவருக்குக் கட்டாயமில்லை. அதில் மிச்சப்படும் பணத்தைப் பென்சில் முதல் பேட்டரி வரை எதிலும் போடலாம். ஷூ வாங்கும்போது பெடல் உணர்வுக்காகச் செய்த மெல்லிய அடியுள்ளதைத் தவிருங்கள். சக்கரம் மாற்றுவதும், காரைத் தள்ளுவதும், கல்லில் ஓடி முக்கோணம் வைப்பதும் உங்கள் வேலை.

கடிகாரம்

கேசியோ எஃப்-91 டபிள்யூ போதும். மாதத்துக்கு 30 நொடி வரை முன்பின் ஆகலாம் என்பதுதான் அதன் துல்லியம்; ஒரு வார இறுதிக்கு இது ஒன்றுமே இல்லை. ராலி தலைமையகத்தில் வைத்திருக்கும் அதிகாரபூர்வ நேரத்தோடு ஒவ்வொரு நாள் காலையும் நொடி சரிபார்த்துக்கொண்டால் போதும். ஒன்று கையில், இன்னொன்று டேஷ்போர்டில் ஒட்டியது. செல்போனை மட்டும் நம்பினால் அழைப்பு வரும் நேரத்தில்தான் நேரம் பார்க்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு மலிவான பொருள் ஏன் இத்தனை முக்கியம் என்றால், குறித்த நிமிடத்தில் வந்து பதிய வேண்டிய டைம் கன்ட்ரோலில் விழும் தண்டனையை எந்த டிரைவராலும் ஸ்டேஜில் திருப்பிப் பிடிக்க முடியாது. எஃப்.ஐ.ஏ. முறைப்படி ஒரு நிமிடம் தாமதத்துக்கு 10 நொடி. ஒரு நிமிடம் முந்திப் போனால் முழு ஒரு நிமிடம். முந்துவது ஆறு மடங்கு விலை. உங்கள் நேரம் 10:42 என்றால், கார் மஞ்சள் பலகையைத் தாண்டிக் கன்ட்ரோல் பகுதிக்குள் நுழைய 10:41:00 முதல் அனுமதி உண்டு. நேரத்தை எழுதி வாங்கும் டைம் கார்டை நீட்ட வேண்டியது 10:42:00 முதல் 10:42:59 வரை. மஞ்சள் பலகைக்கு முன்பே நின்று, கீழே இறங்கி, நடந்து போய் மேசையருகே நிற்கும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வருவது வழக்கமான, புத்திசாலித்தனமான வேலை. அதிகாரி கார்டில் எழுதியதை அங்கேயே வாசித்துப் பார்த்த பிறகு கிளம்புங்கள். தப்பாக எழுதியிருந்தால் அந்த இடத்தில் திருத்துவது எளிது, மாலையில் விண்ணப்பம் போட்டுத் திருத்துவது பெரும்பாடு.

டிரிப் மீட்டர்: டெர்ராட்ரிப், பிரான்ட்ஸ், ஆப்

இப்போது எல்லோரும் முதலில் கேட்கும் பொருள். டெர்ராட்ரிப் 202, பிரான்ட்ஸ் இன்டர்நேஷனல் 2 இரண்டுமே இங்கிலாந்துத் தயாரிப்பு, இரண்டிலுமே மொத்த தூரமும் இடைத்தூரமும் தனித்தனித் திரையில் வரும். வழியைப் படக்குறிப்புகளாகக் காட்டும் ரோட் புக்கின் இரண்டு தூரப் பத்திகளோடு இது நேருக்கு நேர் பொருந்துகிறது. ஒவ்வொரு படக்குறிப்பிலும் இடைத்தூரத்தைப் பூஜ்ஜியமாக்குவது, மொத்தத்தைத் தொடாமல் விடுவது என்பதுதான் அடிப்படைப் பழக்கம்.

பிரான்ட்ஸில், மீட்டரைச் சக்கரத்தின் அளவுக்குச் சரிசெய்யும் அளவுதிருத்த எண்ணை முகப்பிலேயே சிறு எண்சக்கரங்களைத் திருகி வைக்கலாம். என்ன எண் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது, மின்சாரம் போனாலும் மாறாது. புதியவருக்கு இது பெரிய வசதி. டெர்ராட்ரிப்பில் எண் நினைவகத்துக்குள் இருக்கும், பொத்தான் வழியாக மாற்ற வேண்டும். பழகச் சற்று நேரம் எடுக்கும். ஆனால் சில கூடுதல் வேலைகளைச் செய்யும். ஜியோட்ரிப் வகை ஜி.பி.எஸ்.ஸையும் ஏற்கும். டி.எஸ்.டி.க்கும் ஸ்டேஜுக்கும் ஒரே பெட்டி வேண்டும் என்றால் டெர்ராட்ரிப்; ஸ்டேஜ் மட்டும் என்றால் பிரான்ட்ஸின் எளிமையே மேல்.

பெட்டியைவிட முக்கியம், சக்கரச் சுழற்சியை எண்ணும் சென்சார் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பது. முன்சக்கர இயக்கக் காரில் முன்சக்கரத்திலோ கியர்பாக்ஸிலோ எடுத்தால், மண்ணில் சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் மீட்டர் ஓடாத தூரத்தைக் கூட்டிக்கொள்ளும். பின்சக்கரத்தில் எடுங்கள். சக்கர போல்ட் தலைகளை எண்ணும் சென்சாருக்கும் போல்ட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளி. அதிகமானால் குழிகளில் எண்ணிக்கை விட்டுப்போகும், குறைந்தால் கல் சிக்கி முனை நசுங்கும். வயரைப் பிரேக் குழாயோடு சேர்த்துக் கட்டலாம். சஸ்பென்ஷன் முழுதும் தொங்கும்போது இழுபடாத அளவு தளர்வு விட வேண்டும்.

அளவுதிருத்தத்தைக் கணக்கோடு புரிந்துகொண்டால் பயம் போய்விடும். நான்கு போல்ட், டயர் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர் உருளுகிறது என்றால், ஒரு கி.மீ.க்கு 526 சுற்று, போல்ட்டுக்கு ஒன்றாக 2105 துடிப்பு. அமைப்பாளர்கள் குறித்துக் கொடுக்கும் அளவுதூரத்தில் ஓட்டுங்கள். 5.00 கி.மீ.க்கு உங்கள் மீட்டர் 5.06 காட்டினால், பழைய எண்ணை 5.06-ஆல் பெருக்கி 5.00-ஆல் வகுங்கள்: 2130. கி.மீ.க்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கில் இயங்கும் பெட்டிக்கு இது சரி. உங்கள் பெட்டி வேறு முறையில் இயங்கினால் கையேட்டைப் பாருங்கள். இதே தூரத்தை மறுபடி ஓட்டி உறுதி செய்யாமல் விடாதீர்கள்.

டயர் தேய்வதும் கணக்கில் வரும். 8 மில்லிமீட்டர் ட்ரெட் (டயரின் வரிப்பள்ளம்) 3 மில்லிமீட்டராகத் தேய்ந்தால் ஆரம் 5 மில்லிமீட்டர் குறைகிறது, மீட்டர் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் கூட்டிக் காட்டும். ஸ்டேஜ்களுக்கு நடுவே ஓட்டும் 40 கி.மீ. இணைப்புச் சாலையில் அது 600 மீட்டரைத் தாண்டும். ஊருக்குள் 600 மீட்டருக்குள் எத்தனை திருப்பங்கள் என்று நினைத்துப் பாருங்கள். டயரின் அளவோ வகையோ மாறினால் அளவுதிருத்தமும் மாறும். ஒவ்வொரு டயருக்கும் உரிய எண்ணை டேஷ்போர்டில் ஒட்டி வையுங்கள்.

டி.எஸ்.டி.யில் இந்தப் பிழை நேரடியாகத் தண்டனைப் புள்ளியாகிறது. சராசரி 34 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 9.4 மீட்டர். 20 கி.மீ.யில் ஒரு சதவீதப் பிழை 200 மீட்டர், அதாவது 21 நொடி. 7.35 கி.மீ.யில் உங்கள் சரியான நேரம் 12 நிமிடம் 58 நொடி என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாலும், மீட்டரே தவறு என்றால் அந்தக் கணக்கால் பயனில்லை.

செல்போன் ஆப்? முதல் இரண்டு டி.எஸ்.டி.க்கு, உங்கள் வகுப்பின் விதி அனுமதித்தால், தாராளமாக. ஆனால் ஜி.பி.எஸ். தூரம் கொண்டையூசி வளைவுகளில் குறுக்கே வெட்டிக் குறைவாகக் காட்டும், காபித் தோட்டத்து மரநிழலில் தாவும். சக்கர சென்சாருக்கு இந்தக் குறை இல்லை. வெயிலில் டேஷ்போர்டில் வைத்த போன் சூடேறி அணைந்துபோவதும் சகஜம். காற்று வரும் துவாரத்தின் முன்னால் பொருத்துங்கள்.

பையின் மீதி

இரண்டு பெல்ட் கத்தி காரில் இருக்க வேண்டும், இருவரும் பெல்ட் கட்டிய நிலையில் கையெட்ட வேண்டும். உதவி கேட்கும் சிவப்பு எஸ்.ஓ.எஸ்., பத்திரம் என்று காட்டும் பச்சை ஓ.கே. பலகை எந்தப் பக்கம் செருகியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரிய வேண்டும். கார் நின்றுவிட்டால், அடுத்த கார் வரும் பக்கத்தில் குறைந்தது 50 மீட்டர் பின்னால் முக்கோணம், உடனே பலகை. டயர் காற்றளவு மானி, தண்ணீர், சில்லறை, பேட்டரி. இணைப்புச் சாலையில் சுங்கச்சாவடி இருந்தால் காரின் ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று முந்தைய இரவே பார்ப்பது கோ-டிரைவர் பொறுப்பு. இரவு ஸ்டேஜுக்கு வளையும் கழுத்துள்ள எல்.இ.டி. விளக்கு, மங்கலான மஞ்சள் ஒளி நல்லது, வெள்ளை ஒளி கண்ணாடியில் பட்டு டிரைவர் கண்ணைக் கூசவைக்கும். குமட்டல் வருகிறவர்கள் அதிகம், அதுவும் ரெக்கியில், குனிந்து எழுதுவதால். மருந்து எடுப்பதானால் மருத்துவரிடம் கேட்டு, தூக்கம் வராத வகையை, போட்டி இல்லாத நாளில் சோதித்துப் பார்த்துவிட்டு எடுங்கள். காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், இட்லி போதும்.

பழைய பொருள் வாங்கலாமா என்ற கேள்விக்கு: ஹெல்மெட்டும் ஹான்ஸ் பட்டையும் கூடாது, அடிபட்டது வெளியே தெரியாது. ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம். டிரிப் மீட்டரும் வாங்கலாம், நான்கு விஷயம் பார்த்து. திரையின் எல்லாக் கோடுகளும் எரிகின்றனவா என்று 8.88 போன்ற எண்ணில் நிறுத்திப் பாருங்கள். பூஜ்ஜியப் பொத்தான் ஒரே அழுத்தத்தில் வேலை செய்ய வேண்டும். நினைவகத்தில் எண் வைக்கும் வகை என்றால் மின்சாரத்தைத் துண்டித்து ஒரு மணி நேரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தால் அளவுதிருத்த எண் அப்படியே இருக்க வேண்டும். சென்சார் முனையில் ஓர் இரும்பு ஸ்பானரை ஆட்டினால் எண் ஏற வேண்டும். சென்சாரும் வயரும் இல்லாமல் பெட்டியை மட்டும் கொடுக்கிறேன் என்றால், அவை இரண்டும் புதிதாக என்ன விலை என்று விசாரித்துவிட்டு அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.